இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர்

சாஸ்கச்சுவானில் அக்டோபர்.
காற்று எங்கள் காரின் கதவைத் திறக்கவிடவில்லை.
உள்ளே மூன்று பிள்ளைகள், மூன்று பெல்ட்;
நடுவில் உட்காருகிறவனின் முழங்கைக்கு
இரண்டு பக்கமும் எல்லைத் தகராறு.
அதனால்தான் பிக்கப் வண்டி,
ஆறு பேர் உட்கார, பின்னால் சாமான் ஏற்ற.

பதினான்காயிரத்து ஐந்நூறு டாலர் என்ற அட்டை
முன்கண்ணாடியில் சாய்ந்திருந்தது.
வெயிலில் வெளுத்துப்போன ஐந்து
மூன்று மாதிரித் தெரிந்தது.
"மூன்றென்றே படித்துவிடலாம்" என்றான் டெரில்,
என் கணவன்,
பேரத்துக்கென்றே காலையில் சவரம் செய்தவன்.

கொட்டகையிலிருந்து வந்தாள் மார்லிஸ் ஹாகன்.
கையைத் துணியில் துடைத்தாள்.
துணி கையை இன்னும் அழுக்காக்கியது.
என் வயதுதான் இருக்கும்.
எதையும் ஒளிக்கவில்லை:
வலப்பக்கக் கதவில் துரு,
ஏர்கண்டிஷனர் மனசு வைத்தால் ஓடும்,
பின்பக்க ஒடுக்கு ஒரு கன்றுக்குட்டி உபயம்.

டெரில் டயரை உதைத்தான்.
டயரை உதைத்து யாரும் எதையும் அறிந்ததில்லை,
உதைக்காமல் வண்டி வாங்கியவனும் இல்லை.
குனிந்தான், அடியில் பார்த்தான்,
உதட்டைப் பிதுக்கினான்.
"எண்ணூறு குறைத்துக்கொள்ளுங்கள்."

அவள் வாய் திறக்குமுன் போன் அடித்தது.
"ஆமாம், அறுவடை இயந்திரத்துக்குத்தான்.
எண்ணூற்று நாற்பதா?
இல்லை, நான் கேட்டது ஒரே ஒரு பேரிங்."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
"சரி, எடுத்து வையுங்கள்.
பனி விழுமுன் வந்துவிடுகிறேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு
எங்களைப் பார்த்தாள்.
அந்த விலையைச் சொன்னவர்கள் போல
நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

கேட்ட விலையைக் கொடுத்தோம் என்று எழுத ஆசைதான்.
கொடுக்கவில்லை.
நானூறு குறைத்தோம்.
குளிர்கால டயர் தனியாக வாங்க வேண்டும்,
மூத்தவளுக்குக் கண்ணாடி.
சம்மதம் என்று தலையாட்டியபோது
அவள் பார்த்தது எங்களை அல்ல, கொட்டகையை.

வீட்டு வாசலில் நிறுத்தி
முன்பெட்டியைத் திறந்தேன்:
காற்றழுத்தமானி, காய்ந்த பேனா,
காகிதத்தோடு ஒட்டிப்போன ஒரு மிட்டாய்,
விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த குறிப்பேடு.

உழுதவர் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள்.
பார்த்திருக்கிறாள்.
டீசல்.
கனோலா விதை, மூட்டை இவ்வளவு.
உரம்: ஒரு விலை எழுதி, அடித்து,
மேலே இன்னொரு விலை எழுதி, அதையும் அடித்து.
குத்தகை. வட்டி.
உரத்துக்கும் வட்டிக்கும் நடுவில்
"டாமியின் பல், இருநூற்றுப் பத்து."
ஜூலை பத்தொன்பது: ஆலங்கட்டி.
அதற்கு நேரே எண் இல்லை.

நான் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள்.
ரொட்டியின் விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு
நாளுக்கு முப்பது தடவையாவது சொல்கிறேன்,
"ஆமாம், அநியாயம்தான்."
யாருக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.
பின்னால் வரிசை நீளமாக நிற்கும்.

குறிப்பேட்டைத் திருப்பித் தரட்டுமா என்று
போன் செய்தேன்.
"அது முடிந்துபோன வருஷம், எறிந்துவிடுங்கள்."
அவளுக்குப் பின்னால் இயந்திர இரைச்சல்.
"பேரிங் பொருந்தியதா?"
"பேரிங் பொருந்தியது. இப்போது பெல்ட்."
சிரித்தாளா, காற்றா, தெரியவில்லை.

எறியவில்லை.
நேற்று முதன்முறையாக டாங்கை நிரப்பினேன்,
நூற்று முப்பத்தெட்டு டாலர்.
ஆலங்கட்டிக்கு அடுத்த வரியில்,
அவளுடைய சாய்ந்த எழுத்துக்குக் கீழே
என் உருண்டை எழுத்தில் குறித்துக்கொண்டேன்.

நடுவில் உட்காருகிறவன்
சீட்டின் இடுக்கிலிருந்து
கடுகு மாதிரிக் கறுப்பாய் எதையோ பொறுக்கி
மடியில் வைத்து எண்ணுகிறான்.
பேச்சுக் கொடுக்காதீர்கள் என்கிறான்,
எழுபத்திரண்டு வரை வந்துவிட்டானாம்.